‘கொள்கை முடிவு சார்ந்தது’ என்று பதில் வந்தால்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை பார்க்கும் குடும்பம் எங்களுடையது. மகள் 6-ஆம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். இப்போது 9-ஆம் வகுப்பு. மகன் வேறு பள்ளியில் 5-ஆம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள மேல்நிலைப் பள்ளி இது ஒன்றுதான். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு இவளுக்குக் கிடையாது என்கிறார்கள். பெற்றோர் 46 பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து, ‘இது அரசின் கொள்கை முடிவு சார்ந்தது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி யாரைப் பார்ப்பது? எம்.எல்.ஏ.வையா, எம்.பி.யையா? கோர்ட்டுக்குப் போகலாமா?
– ஏற்காடு வாசகி

பதில்: அந்த ஒரு வரியை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இதைச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை’ என்பதை அலுவலக மொழியில் சொல்லியிருக்கிறார்கள். உண்மையும் அதுதான். ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிக்கு ஒரு வகுப்பறை என்றால் திங்கட்கிழமை மனு வேலை செய்யும். நீங்கள் கேட்பது சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தில் உள்ள வரையறையை மாற்றச் சொல்லி. அதைக் கலெக்டரும் தொட முடியாது, முதன்மைக் கல்வி அலுவலரும் தொட முடியாது, பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் தனியாக நினைத்தாலும் முடியாது.

பள்ளி சம்பந்தமாக எதைக் கேட்பதானாலும் முதலில் பார்க்க வேண்டியது, நம்மைத் தடுக்கிற காகிதத்தின் தலைப்பு. ‘முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள், ந.க.எண்…’ என்று இருந்தால் சேலத்திலேயே பேசித் தீர்க்கலாம். ‘இயக்குநரின் செயல்முறைகள்’ என்றால் சென்னையில் இயக்குநர் அலுவலகம். ‘அரசாணை (நிலை) எண்’ என்றால் தலைமைச் செயலகத்தில் அந்தத் துறையின் செயலாளரும் அமைச்சரும். விதி என்றால் துறை திருத்தி அரசிதழில் வெளியிட வேண்டும். சட்டம் என்றால் திருத்தச் சட்டமுன்வடிவு கொண்டுவந்து சட்டமன்றத்தில் நிறைவேற்றி, ஆளுநர் ஒப்புதல் பெற வேண்டும். எந்தப் படியில் கட்டிய முடிச்சோ அந்தப் படியில்தான் அவிழும்.

அரசுப் பள்ளிக்கு முதலில் வந்து, பிறகு உதவி பெறும் பள்ளிக்கு நீண்ட திட்டங்கள் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் இருந்து, 2024-25-இல் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியருக்கும் விரிந்தது. இவை அரசாணையில் நின்ற திட்டங்கள். அதனால் அறிவிப்பு, அரசாணை, நிதி என்று மூன்று எட்டில் முடிந்தது. ‘அதைக் கொடுத்தீர்களே, இதையும் கொடுங்கள்’ என்று மட்டும் மனுவில் எழுதினால், சட்டம் என்ற வித்தியாசத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த முன்னுதாரணங்களைச் சொல்லுங்கள், ஆனால் கோரிக்கை ‘சட்டத் திருத்தம்’ என்றே இருக்கட்டும்.

இதில் சட்டம் ஒன்றல்ல, இரண்டு. மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஓமியோபதி படிப்புகளுக்கானது 2020-இல் வந்தது. அதைக் கையாள்வது மக்கள் நல்வாழ்வுத் துறை. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது 2021 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கு உயர்கல்வித் துறை. பெயரில் பள்ளி இருப்பதால் எல்லோரும் பள்ளிக் கல்வித் துறைக்கு எழுதுகிறார்கள். அங்கிருந்து அது ‘உரிய நடவடிக்கைக்காக’ இன்னொரு துறைக்குப் போய், அங்கே தூங்கும்.

என் யோசனை, 2021 சட்டத்தை முதலில் எடுங்கள். மருத்துவ இடங்கள் குறைவு. முதல் ஆண்டில் 7.5 சதவீதத்தில் கிடைத்த மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் 400-ஐச் சற்றுத் தாண்டியவைதான். அதில் இன்னொரு கூட்டம் நுழைந்தால், இப்போது பயன்பெறும் அரசுப் பள்ளிப் பெற்றோர்தான் உங்களுக்கு முதல் எதிர்ப்பாளர்கள் ஆவார்கள். நீட் தகராறும் கூடவே ஒட்டிக்கொள்ளும். பொறியியலில் இடங்கள் ஏராளம், பங்கு குறைகிறது என்ற சண்டைக்கு இடம் குறைவு. ஒன்றில் வரையறை மாறினால் அடுத்ததைக் கேட்பது எளிது.

இனி, என்ன கேட்பது என்பது. இங்கேதான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன. ‘உதவி பெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் 7.5 சதவீதத்தை நீட்டிக்க வேண்டும்’ என்று எழுதியிருப்பீர்கள். அதில் மூன்று ஓட்டை இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் உள்ள, நன்கு வசதி படைத்த, ஆங்கிலவழி வகுப்புகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளும் அதற்குள் வந்துவிடுகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கிய சூழலில் படிக்கும் தனி வகுப்பினர் என்பதுதான் இந்தச் சட்டங்களின் அஸ்திவாரம். மருத்துவச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதி செய்ததும் அந்த அடிப்படையில்தான். வரையறை அகலமாக அகலமாக அஸ்திவாரம் மெலியும், அரசின் சட்ட ஆலோசகர் அதையே எழுதி கோப்பை மூடிவிடுவார். இரண்டாவது ஓட்டை, இருக்கும் பங்கிலிருந்து கேட்பது. மூன்றாவது, செலவு. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதனால் நிதித் துறை கணக்குப் பார்க்கும். இடத்தைத் தருவது சட்டம், கட்டணத்தை ஏற்பது தனி அறிவிப்பாக வந்தது. நீங்களும் இரண்டையும் பிரித்தே கேட்கலாம்.

ஆகவே கோரிக்கையைக் குறுக்குங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

‘2021-ஆம் ஆண்டு சட்டத்தின் வரையறைப் பிரிவில், அரசு உதவி பெறும் பள்ளியின் உதவி பெறும் பிரிவில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்ற, மலைப்பகுதி வட்டங்களைச் சேர்ந்த மாணவர்களையும் சேர்த்துத் திருத்தம் கொண்டுவர வேண்டும். இவர்களுக்கான பங்கு, இப்போதுள்ள 7.5 சதவீதத்துக்குப் பாதகமின்றித் தனியாக நிர்ணயிக்கப்பட வேண்டும்.’

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘உதவி பெறும் பிரிவில்’ என்று ஏன் எழுத வேண்டும்? ஒரே பள்ளிக்குள் அரசு சம்பளம் தரும் பிரிவும், கட்டணம் வாங்கி நடத்தும் சுயநிதிப் பிரிவும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும். இதை நீங்களே பிரித்துக் காட்டாவிட்டால் கேள்வி கேட்பவர் இதைத்தான் முதலில் பிடிப்பார். ‘மலைப்பகுதி’ என்பதற்கும் காரணம் உண்டு. சமவெளியில் உதவி பெறும் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் தேர்வு என்று வாதாடலாம். நடக்கும் தூரத்தில் வேறு பள்ளியே இல்லாத இடத்தில் அந்த வாதம் நிற்காது. தனிப் பங்கு என்பதற்கும் ஒரு பிடி இருக்கிறது. மருத்துவத்துக்கு நீதியரசர் கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5-இல் நிறுத்தியது. பின்னால் மருத்துவச் சட்டத்துக்குப் போகும்போது அந்த 2.5 இடைவெளி உங்களுக்குப் பேச்சுப் பொருள்.

ஆதாரம் இல்லாத மனு வெறும் வருத்தம்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், சேலம் முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்றால் சான்று இணைத்தால் அந்த 10 ரூபாயும் வேண்டாம். கேட்க வேண்டியவை: ஏற்காடு ஒன்றியத்தில் 9 முதல் 12 வரை வகுப்புகள் உள்ள அரசு, பழங்குடியினர் நல, உதவி பெறும் பள்ளிகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் வகுப்புவாரி, பயிற்று மொழிவாரி மாணவர் எண்ணிக்கை, கடந்த மூன்று ஆண்டில் 12-ஆம் வகுப்பு எழுதியோர் எண்ணிக்கை. ‘ஏன் கொடுக்கவில்லை?’, ‘இது நியாயமா?’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் உள்ளதைத் தருவதுதான் அவர்கள் கடமை, காரணம் சொல்வதோ கருத்துச் சொல்வதோ அல்ல. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

கூடவே, ஒரு பழைய நோட்டில் உங்கள் பக்கத்துக் கணக்கையும் எடுங்கள். ஊர், அங்கிருந்து அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மாலை சிறப்பு வகுப்பு முடிந்தால் பஸ் உண்டா. மாரமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு இந்த ஐந்து கட்டத்தை நிரப்பிக் காட்டினால், ‘பெற்றோர் விரும்பித்தானே சேர்த்தார்கள்’ என்ற கேள்வி அதோடு அடங்கும்.

கையெழுத்து வாங்கும் விதத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் தாளில் மனு, பின்னால் வெறும் தாள்களில் கையெழுத்து என்று கட்டிக் கொடுக்காதீர்கள். பின்தாள்கள் பிரிந்தால் அவை எதற்கான கையெழுத்து என்றே தெரியாது. ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையை இரண்டு வரியில் அச்சடித்து, கீழே வரிசை எண், பெயர், ஊர், பிள்ளையின் வகுப்பு, கையெழுத்து என்று கட்டம் போடுங்கள். ஆதார் எண் வேண்டாம். தொடர்பு எண் ஒருங்கிணைப்பாளர் ஒருவருடையது போதும். கைநாட்டு வைத்தவரின் பக்கத்தில் ஒரு சாட்சி கையெழுத்து இருக்கட்டும். பிள்ளைகளைச் சீருடையில் அழைத்துப் போய் நிறுத்துவது வேண்டவே வேண்டாம். செய்தித்தாளில் படம் வரும், மறுநாள் தலைமை ஆசிரியர் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார். ஆசிரியர்களையும் முன்வரிசையில் நிறுத்தாதீர்கள், அவர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடலாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். கிராம சபை அதைவிட மேல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கூட்டம் நடக்கும். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் என்று மூன்று ஊராட்சியின் தீர்மான நகல் சேர்ந்தால் அது 46 பேரின் மனு அல்ல. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதியதைப் பார்த்துவிட்டு, நகலுக்கும் எழுதிக் கொடுத்து வாருங்கள்.

எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா என்று கேட்டீர்கள். இது மாநிலச் சட்டம், எம்.பி.க்கு இதில் வேலை இல்லை. போனாலும் பலர் சேலம் எம்.பி. வீட்டுக்குப் போய் நிற்கிறார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. எம்.எல்.ஏ. விஷயத்தில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. மலைப் பிள்ளைகளின் படிப்பு பற்றி ஏற்காடு உறுப்பினர் எழுந்தால் அவையில் அதற்குத் தனி எடை இருக்கும்.

அவரிடம் பத்துப் பக்கக் கட்டைக் கொடுக்காதீர்கள். அரைப் பக்கம் போதும், அதில் அவர் அப்படியே பயன்படுத்தக்கூடிய கேள்வி இருக்கட்டும். சட்டமன்றக் கேள்விக்கு ஒரு நடை உண்டு: ‘ஏற்காடு வட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்ற மாணவர்களுக்கும் தொழிற்கல்வி முன்னுரிமை ஒதுக்கீடு வழங்க அரசு ஆவன செய்யுமா?’ பதில் மூன்று விதமாக வரலாம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் கோப்பு ஒன்று திறந்திருக்கிறது, அதன் எண்ணைத் தகவல் உரிமையில் கேட்கலாம். ‘அவ்வாறான கருத்துரு ஏதும் இல்லை’ என்றால் கருத்துருவே இனிதான் உருவாக வேண்டும், செயலாளருக்கு எழுதுங்கள். ‘வினா எழவில்லை’ என்றால் கேள்வியைக் கட்டிய விதத்தில் கோளாறு, மாற்றி அமைத்து மறுபடி கொடுக்க வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அங்குள்ள பெற்றோர் தத்தம் உறுப்பினர் மூலம் இதே கேள்வியைக் கேட்டால் இது ஏற்காட்டுப் பிரச்சினையாக மட்டும் நிற்காது. ஆனால் அவர்கள் ‘மலைப்பகுதி’ என்ற சொல்லை எடுக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிப்பதா என்பதை முன்கூட்டியே உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், நடுவழியில் பிளவு வரக்கூடாது.

இன்னொரு வாசல், சட்டமன்ற மனுக்கள் குழு. இந்தக் குழு மாவட்டங்களுக்கு வரும். வருமுன் கலெக்டர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். மனு தமிழில், தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஐந்து நகல்களுடன், தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்ற முகவரிக்குப் போக வேண்டும். நெடுநாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும். தனிநபர் வேலை, பட்டா, கடன் எல்லாம் ஏற்கப்படாது. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் உள்ளதும் ஏற்கப்படாது. அதனால்தான் இப்போதைக்குக் கோர்ட் வேண்டாம் என்கிறேன். இன்று நீங்கள் வழக்குப் போட்டால் மனுக்கள் குழு மூடிக்கொள்ளும், அமைச்சரும் ‘விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது’ என்று அமர்ந்துவிடுவார். செல்லும் சட்டத்தின் வரையறையை விரிப்பது சட்டமன்றத்தின் வேலை என்றே நீதிமன்றமும் சொல்ல வாய்ப்பு அதிகம். மருத்துவ வழக்கில் ஐந்தாண்டில் மறு ஆய்வு என்ற பேச்சும் வந்தது. வழக்கு அந்தப் பக்கம் திரும்பி, இருக்கும் ஒதுக்கீட்டுக்கே ஆபத்து வந்தால் பழி உங்கள் மேல் விழும்.

எப்போது செய்வது என்பது எதைச் செய்வது என்பதற்குச் சமமான முக்கியம். பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதைத் தொடர்ந்து துறைவாரி மானியக் கோரிக்கை விவாதம். அமைச்சர்கள் புதிய அறிவிப்புகளைச் சொல்வது அந்த நாட்களில்தான். அறிவிப்பில் இடம் பிடிக்க வேண்டுமானால் டிசம்பருக்குள் கோப்பு துறைச் செயலாளர் மேசையில் இருக்க வேண்டும். உங்கள் மலையில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை காபிப் பழம் பறிப்பு, அப்போது யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. ஆகவே கையெழுத்தும் தூரக் கணக்கும் செப்டம்பர், அக்டோபருக்குள் முடியட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம், நவம்பரில் மனு. சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு நாள் கூலியை விட வேண்டாம், ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு பின் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை திருத்தச் சட்டமுன்வடிவே வந்துவிட்டாலும் ஓய்ந்துவிடாதீர்கள். 1986-இல் மேலவை போன பிறகு நமக்கு ஒரே அவைதான். தாக்கல் ஆன சில நாளில், சில சமயம் அதே கூட்டத்தொடரின் கடைசி நாளில், நிறைவேறிவிடும். அரசிதழில் வெளியாகும் வரைவை அன்றே எடுத்து வரையறைப் பிரிவை மட்டும் முதலில் படியுங்கள். ‘தமிழ்வழியில்’ என்ற ஒரு சொல் விட்டுப்போனாலோ கூடுதலாக ஒரு நிபந்தனை நுழைந்தாலோ, உங்கள் உறுப்பினர் திருத்தம் கொடுக்க அந்த இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். நிறைவேறிய பிறகும் அழுத்தத்துக்குப் பலன் உண்டு. 12 மணி நேர வேலைக்கான தொழிற்சாலைகள் திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறி, மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1-இல் திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் மாநிலம் முழுக்க இருந்த தொழிற்சங்கங்களின் பலம் உங்களிடம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். மகள் 9-ஆம் வகுப்பு, இன்னும் மூன்றரை ஆண்டுக்குள் சட்டம் மாறும் என்று கணக்குப் போடாதீர்கள். இப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் பயன் இல்லை. 6 முதல் 12 வரை முழுதும் அரசுப் பள்ளி என்பதுதான் நிபந்தனை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு மட்டும் விலக்கு. அவள் தமிழ்வழியில் படிப்பதால் புதுமைப் பெண் உதவி கிடைக்கும். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிச் சமூகத்தவராக இருந்தால் பழங்குடியினர் சாதிச் சான்றை கோட்டாட்சியரிடம் இப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். 12-ஆம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

மகன் 5-ஆம் வகுப்பு என்றீர்கள். அவனுக்கு இன்னும் கதவு திறந்திருக்கிறது. பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளியும் இந்தச் சட்டங்களில் அரசுப் பள்ளிதான். விடுதியில் விடச் சம்மதமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. சேர்ப்பதானால் 6-ஆம் வகுப்பின் முதல் நாளிலிருந்தே சேருங்கள். பள்ளி மாறும்போது பழைய பள்ளியின் பதிவிலிருந்து விடுவித்து, புதிய பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவில் அவன் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். ஏழு ஆண்டு கழித்து, எந்த வகுப்பில் எங்கே படித்தான் என்று தலைமை ஆசிரியர்கள் சான்று எழுதும்போது அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள்.